"என்ன வேலை பார்க்குறீங்க?": கைவலிக்குப் பேர் தேடின 300 வருஷம்

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது கைவலி. விரல் நுனியில ஆரம்பிச்சு மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டைன்னு மெதுவா ஏறிப் போகுமே, அந்த வலி. நம்ம ஃபீல்டுல யார்கிட்ட கேட்டாலும் பதில் ரெடியா இருக்கும்: "கார்ப்பல் டனலா இருக்கும் மச்சி." ஆபீஸ்ல ஒருத்தர் மணிக்கட்டுல பட்டை கட்டிக்கிட்டு வந்தா, அன்னிக்கு மதியச் சாப்பாட்டு மேசையில எல்லாருமே டாக்டர்தான்.

நான் டாக்டர் இல்ல. படிச்சது இன்ஜினியரிங், பார்க்கறது பேக்எண்ட் வேலை. அதனால இது மருத்துவ ஆலோசனை எபிசோட் கிடையாது, வரலாறு எபிசோட். கேள்வி இதுதான்: கை வலிக்குதுன்னு ஒருத்தர் டாக்டர்கிட்ட போனா, அந்த வலிக்கு என்ன பேர் கிடைக்கும்ங்கறதை எது முடிவு பண்ணுது? அந்த வலியேவா, இல்ல அந்தக் காலத்துல டாக்டர்கள் கையில தயாரா இருந்த பேரா? 300 வருஷத்தை வரிசையா வச்சுப் பார்த்தா ரெண்டாவதுதான் நிறைய தடவை ஜெயிச்சிருக்கு. அதனால அவதிப்பட்டவங்க கதைதான் இன்னிக்கு.

மோடெனா, 1700

இத்தாலியில மோடெனான்னு ஒரு ஊர். ஃபெராரி கார் பிடிச்சவங்களுக்குப் பேர் தெரிஞ்சிருக்கும். கார் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, 17-ஆம் நூற்றாண்டுல, அங்க பெர்னார்டினோ ராமாஸ்ஸினின்னு ஒரு மருத்துவப் பேராசிரியர் இருந்தார். ஒரு நாள் அவர் வீட்டுக் கழிவுக் குழியைச் சுத்தம் பண்ண ஆள் வந்திருக்காங்க. உள்ள இறங்கினவர் அவசர அவசரமா வேலை பார்க்கறார். ஏன் இவ்வளவு வேகம்னு ராமாஸ்ஸினி கேட்கறார். நிதானமா வேலை செஞ்சா கண்ணு போயிடும்னு பதில் வருது. ஊர்ல இந்த வேலை பார்க்கறவங்க பலரும் பார்வை மங்கிப்போய் இருக்கறதை அதுக்கப்புறம்தான் அவர் கவனிக்கறார்.

அந்த ஒரு பேச்சு அவரைப் பட்டறை பட்டறையா ஏற வச்சது. 1700-ல அவர் எழுதின புத்தகத்தோட விஷயமே தொழிலாளிகளுக்கு வர்ற நோய்கள். சுரங்கம், கண்ணாடி, மண்பாண்டம், சலவைன்னு ஒவ்வொரு தொழிலா எடுத்து, அதுல உடம்புக்கு என்ன ஆகுதுன்னு எழுதினார். நோயாளிகிட்ட என்னென்ன கேட்கணும்னு கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்துலேருந்தே டாக்டர்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதுல இன்னும் ஒரு கேள்வியைச் சேருங்கன்னு ராமாஸ்ஸினி சொன்னார்: "நீங்க என்ன வேலை பார்க்குறீங்க?"

1713-ல புத்தகத்தை விரிவாக்கினப்போ, எழுத்தர்கள், கணக்குப்பிள்ளைகளைப் பத்தி ஒரு அத்தியாயம் சேர்த்தார். அவங்க உடம்பு கெடறதுக்கு மூணு காரணம் சொன்னார். ஒண்ணு, உட்கார்ந்தே இருக்கறது. ரெண்டு, கை ஒரே மாதிரி விடாம அசையறது. மூணு, கணக்கு தப்பாகி முதலாளிக்கு நஷ்டம் வந்துடக்கூடாதேன்னு மனசு படற பாடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரொடக்‌ஷன்ல கோடு ஏத்தினவங்களுக்கு அந்த மூணாவது காரணத்தை நான் விளக்கவே வேணாம்.

அவருக்குத் தெரிஞ்ச ஒரு நோட்டரியைப் பத்தியும் எழுதியிருக்கார். வாழ்க்கை முழுக்க எழுதி எழுதியே நல்லா சம்பாதிச்ச மனுஷன். முதல்ல வலது கை முழுக்க ஒரு அசதி. எந்த மருந்தும் கேட்கல. கடைசியில கை செயலிழந்து போச்சு. மனுஷன் விடல, இடது கையால எழுதப் பழகினார். கொஞ்ச நாள்ல இடது கைக்கும் அதே கதி. வலது கை வலிக்குதுன்னு மவுஸை இடது பக்கம் மாத்தறவங்க இந்தக் கதையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. கையை மட்டும் மாத்திட்டு வேலையை அப்படியே வச்சிருந்தா என்ன ஆகும்னு 300 வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் பரிசோதிச்சுப் பார்த்துட்டார்.

பேனா பிடிக்க மட்டும் முடியாத கை

அடுத்து லண்டன், 19-ஆம் நூற்றாண்டு. வங்கி, கப்பல் கம்பெனி, அரசாங்க ஆபீஸ்னு எங்க பார்த்தாலும் குமாஸ்தாக்கள். வாத்து இறகுப் பேனா போய் எஃகு நிப் வந்துடுச்சு. 1830-ல சார்லஸ் பெல், 1864-ல சாமுவேல் சாலின்னு அறுவை மருத்துவர்கள் ஒரு விசித்திரமான கோளாறைப் பத்தி எழுதறாங்க. அந்தக் கையால சட்டை பட்டன் போடலாம், சாப்பிடலாம். பேனாவைப் பிடிச்ச உடனே மட்டும் விரல் சுருண்டுக்கும், இல்ல விறைச்சுக்கும். இதுக்கு ரைட்டர்ஸ் க்ராம்ப்னு பேர் வந்தது. நாம எழுத்தர் பிடிப்புன்னு வச்சுக்கலாம்.

புது நிப்புதான் காரணம்னு சிலர் சொன்னாங்க. லண்டன் நரம்பியல் நிபுணர் வில்லியம் கவர்ஸ் கையோட அசைவைக் கவனிச்சார். மணிக்கட்டை மேசையில ஊன்றி விரலை மட்டும் அசைச்சு எழுதறவங்களுக்கு இது வருது, தோள்லேருந்து மொத்தக் கையையும் நகர்த்தி எழுதறவங்களுக்கு அபூர்வம்னு எழுதினார். ரொம்ப நுட்பமான கவனிப்பு. கோளாறு கையில இல்ல, நரம்பு மண்டலத்தோட மேல்மட்டத்துலதான் இருக்குன்னும் அவர் சந்தேகப்பட்டார்.

ஆனா கையை அறுத்துப் பார்த்தா எந்தச் சேதமும் கண்ணுக்குத் தெரியல. அதனால இதுக்கெல்லாம் பொதுவா தொழில்சார் நியூரோசிஸ்னு பேர் வச்சாங்க. அப்போ நியூரோசிஸ்னா, சேதம் எதுவும் கண்ணுக்குத் தெரியாத நரம்புக் கோளாறுன்னுதான் அர்த்தம். 20-ஆம் நூற்றாண்டுல அந்த வார்த்தையோட அர்த்தம் மெதுவா நகர்ந்து மனநோய்ங்கற பக்கம் போயிடுச்சு. அர்த்தம் நகர்ந்தப்போ நோயாளிகளும் கூடவே நகர்த்தப்பட்டாங்க. கைக் கோளாறுன்னு வந்தவங்க மனப் பிரச்சினைக்காரங்க ஆயிட்டாங்க.

தந்தி ஆபரேட்டர்களும் 1911 கமிட்டியும்

இதுக்கு நடுவுல தந்தி வந்துடுச்சு. மோர்ஸ் சாவின்னா மேல கீழ அசையற ஒரே ஒரு லீவர். ஒரு நாள் முழுக்க அதை ஆயிரக்கணக்கான தடவை தட்டணும். ஆபரேட்டர்களுக்குக் கை பிடிச்சுக்க ஆரம்பிச்சது. குறிப்பிட்ட எழுத்துக்களை மட்டும் அனுப்பவே முடியாம போகும். அமெரிக்க ஆபரேட்டர்கள் இதைக் கண்ணாடிக் கைன்னு கூப்பிட்டாங்க.

பிரிட்டன்ல 1908-ல தந்தியாளர் பிடிப்பை, நஷ்டஈடு கிடைக்கக்கூடிய தொழில் நோய்கள் பட்டியல்ல சேர்த்தாங்க. அங்கதான் கதை மாறுது. பட்டியல்ல ஏறினா அந்த நோய்க்குப் பணம் உண்டு. பணம்னு வந்துட்டா, யார் காரணம்னு ஒரு கேள்வியும் கூடவே வரும். தபால் துறை ஒரு கமிட்டி போட்டது. 1911-ல அறிக்கை வந்தது. ரெண்டு விஷயம் சேர்ந்துதான் இது வருதுன்னு முடிவு சொன்னாங்க: திரும்பத் திரும்ப வர்ற களைப்பு ஒண்ணு, ஆபரேட்டரோட நரம்பு நிலையற்ற தன்மை இன்னொண்ணு. அதாவது பாதிக் காரணம் வேலை, மீதிக் காரணம் அந்த ஆளோட சுபாவம்.

சுபாவம் ஒரு காரணமாவே இருக்க முடியாதுன்னு நான் சொல்ல வரல. மனசு படற பாட்டை ராமாஸ்ஸினியே எழுதியிருக்கார். ஆனா வித்தியாசத்தைப் பாருங்க. அவர் சொன்ன மனப் பாடு வேலையிலேருந்து வந்தது. 1911-ல சொன்னது ஆள் பிறக்கும்போதே கொண்டுவந்தது. முதல்ல சொன்னதுக்கு மேசையை, வேலை நேரத்தை, கெடுபிடியை மாத்தலாம். ரெண்டாவதுக்கு மாத்த ஒண்ணுமே இல்ல, ஆளை அனுப்பிடலாம், அவ்வளவுதான்.

இந்த வாக்குவாதத்துக்குள்ள போகாமலே வேலையை முடிச்சவர் அமெரிக்காவுல ஹோரஸ் மார்ட்டின்னு ஒருத்தர். 1904-ல வைப்ரோப்ளெக்ஸ்ங்கற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். லீவர் மேல கீழ அசையறதுக்குப் பதிலா பக்கவாட்டுல அசையும். கட்டைவிரலால ஒரு பக்கம் அழுத்திப் பிடிச்சா, ஸ்பிரிங் அதிர்ந்து புள்ளிகளைத் தானாவே அடுக்கடுக்கா அனுப்பிடும். கோடுகளுக்கு மட்டும் நீங்க அழுத்தினா போதும். ஆபரேட்டர்கள் பலர் சொந்தக் காசுல வாங்கி ஆபீஸுக்குக் கொண்டுபோனாங்க. இன்னிக்கு ஆபீஸ்ல குடுத்த கீபோர்டை ஓரமா வச்சுட்டு, சொந்தமா ஒண்ணு வாங்கிட்டு வர்ற ஆளை உங்களுக்குத் தெரியும்தானே? அவருக்கு முன்னோர்கள் இவங்கதான்.

விலா எலும்பு மேல விழுந்த பழி

சரி, கார்ப்பல் டனலுக்கு வருவோம். மணிக்கட்டோட உள்பக்கம் ஒரு குறுகலான சந்து இருக்கு. மூணு பக்கம் எலும்பு, மேல ஒரு தடிமனான தசைநார். அதுக்குள்ள விரல்களை மடக்கற 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடிச்சுக்கிட்டுப் போகுது. உள்ள அழுத்தம் கூடினா முதல்ல நசுங்கறது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல்ல பாதி, இதுல மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிச்சுடும், ஏன்னா அதுக்குப் போற நரம்பு வேற வழியில போகுது.

1880-ல பாஸ்டன்ல ஜேம்ஸ் பட்னம்ங்கற டாக்டர் 37 நோயாளிகளைப் பத்தி எழுதினார். ராத்திரி கை மரத்துப்போய் தூக்கம் கலையுது, கையை உதறினாலோ தொங்கப்போட்டாலோ சரியாகுது. இன்னிக்கும் டாக்டர்கள் கேட்கற அதே அறிகுறிகள். ஆனா அவர் அதை ரத்தக்குழாய்ப் பிரச்சினையா இருக்கலாம்னு நினைச்சார்.

1913-ல பாரிஸ்ல பியர் மாரி, ஷார்ல் ஃபுவான்னு ரெண்டு பேர். இறந்துபோன 80 வயசு மூதாட்டி ஒருத்தரோட கைகளைப் பரிசோதிச்சாங்க. ரெண்டு கட்டைவிரல் மேட்டுலயும் சதை வத்திப்போயிருந்தது. உள்ள பார்த்தா மணிக்கட்டுத் தசைநாருக்கு மேல மீடியன் நரம்பு வீங்கியிருக்கு. நேரத்தோட கண்டுபிடிச்சிருந்தா, அந்தத் தசைநாரை வெட்டிவிட்டே கையைக் காப்பாத்தியிருக்கலாம்னு எழுதினாங்க. விடை கிட்டத்தட்ட முழுசா கிடைச்சாச்சு. ஆனா யாரும் கண்டுக்கல.

ஏன்னா அந்தச் சமயத்துல டாக்டர்களுக்கு வேற ஒரு விளக்கம் பிடிச்சுப்போயிருந்தது. சிலருக்குக் கழுத்துக்கிட்ட ஒரு கூடுதல் விலா எலும்பு இருக்கும். எக்ஸ்ரே வந்ததால அது படத்துல தெளிவா தெரிய ஆரம்பிச்சது. கை மரத்துப்போகுதா, எலும்பு நரம்பை அழுத்துதுன்னு முடிவு. அந்த எலும்பை எடுத்தாங்க. அது இல்லாதவங்களுக்கு முதல் விலாவை எடுத்தாங்க, இல்ல கழுத்துத் தசையை வெட்டினாங்க. மணிக்கட்டுல இருந்த பிரச்சினைக்குக் கழுத்துல கத்தி. 1940-கள் வரைக்கும் இப்படித்தான் ஓடுச்சு. நம்ம பாஷையில சொன்னா, லாக் எடுக்கறதுக்குச் சுலபமா இருக்கற சர்வர்லதான் பக் இருக்கும்னு முடிவு கட்டினா எப்படி இருக்கும், அப்படி.

1947-ல லண்டன்ல ரஸ்ஸல் பிரெய்னும் அவரோட சகாக்களும், மணிக்கட்டுல அறுவை சிகிச்சை செஞ்ச 6 பேரைப் பத்தி எழுதினாங்க. பிரெய்ன்ங்கறது நிஜமாவே அந்த நரம்பியல் நிபுணரோட பேர்தான். 1950-லேருந்து அமெரிக்காவுல, கிளீவ்லாண்ட் கிளினிக்கோட ஜார்ஜ் ஃபேலன் இதை ஊரறிய வச்சார். மணிக்கட்டை ஒரு நிமிஷம் மடக்கி வச்சுப் பார்க்கற சோதனைக்கு இன்னிக்கும் அவர் பேர்தான். 1966-ல 17 வருஷ அனுபவத்தையும் 654 கைகளையும் வச்சு ஒரு கட்டுரை எழுதினார். நடுவுல, 1956-ல, ஜான் சிம்ப்சன் நரம்பு வழியா மின்சாரம் போற வேகம் மணிக்கட்டுல குறையறதை அளந்து காட்டினார். முதல் தடவையா இந்த வலிக்கு ஒரு எண் கிடைச்சது.

இது பெரிய விஷயம்தான். எண் இருந்தா யாரும் உங்களைப் பொய் சொல்றீங்கன்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கு. எண் வந்த நோய் பிரபலமாச்சு, எண் வராத வலிகள் எல்லாம் அதோட நிழலுக்குள்ள போயிடுச்சு. இன்னொண்ணு, வேலையால இது வருதுங்கறதை ஃபேலன் ஏத்துக்கல. அவர்கிட்ட வந்தவங்கள்ல அதிகம் பேர் நடுவயசுப் பெண்கள், கனமான வேலை பார்க்கறவங்க இல்லன்னு வாதம். துணி பிழியறது, பாத்திரம் தேய்க்கறது, தரை துடைக்கறது எல்லாம் வேலைக் கணக்குல வரலன்னா அந்த வாதம் சரிதான்.

லியோன் ஃப்ளைஷரோட 30 வருஷம்

பேர் கிடைக்காத ஒரு மனுஷனோட கதையைச் சொல்றேன். லியோன் ஃப்ளைஷர், அமெரிக்கப் பியானோ கலைஞர். 1952-ல பிரஸ்ஸல்ஸ்ல ராணி எலிசபெத் பெயர்ல நடக்கற போட்டியில முதல் பரிசு வாங்கினவர். 1964 வாக்குல, முப்பதுகளோட நடுவுல, புகழோட உச்சியில இருக்கும்போது வலது கையில மோதிர விரலும் சுண்டுவிரலும் தானா உள்ளங்கைக்குள்ள சுருள ஆரம்பிச்சது.

டாக்டர் டாக்டரா போனார். மருத்துவத்துக்கு வெளியில இருந்ததையும் விட்டுவைக்கல. வாசனைத் தைலத்துலேருந்து ஜென் பௌத்தம் வரைக்கும் முயற்சி பண்ணினார். இடது கைக்காக மட்டும் எழுதின இசையை வாசிச்சார். முதல் உலகப்போர்ல வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைனுக்காக ராவெல் எழுதின கான்செர்ட்டோ அதுல ஒண்ணு. மாணவர்களுக்குச் சொல்லிக்குடுத்தார், இசைக்குழு நடத்தினார்.

1981-ல அவருக்குச் செஞ்ச அறுவை சிகிச்சை எதுக்கு தெரியுமா? கார்ப்பல் டனலுக்கு. அந்தக் காலத்துல கைவசம் இருந்த பேர் அது. 1982-ல பால்டிமோர்ல ரெண்டு கையாலயும் மேடை ஏறினார். ஆனா கை முழுசா திரும்பலங்கறது அவருக்கே தெரிஞ்சது. மறுபடி ஒதுங்கிட்டார்.

விடைக்கான வேலை வேற பக்கம் நடந்துக்கிட்டிருந்தது. 1982-லயே லண்டன்ல ஷீஹியும் மார்ஸ்டனும், எழுத்தர் பிடிப்புங்கறது ஃபோகல் டிஸ்டோனியான்னு எழுதினாங்க. அசைவை நடத்தற மூளைச் சுற்றுகள்ல வர்ற கோளாறு, மனநோய் கிடையாது. கவர்ஸ் சந்தேகப்பட்ட திசை சரியா இருந்தது. ஃப்ளைஷருக்கு இருந்ததும் இதே குடும்பம்தான். 1990-கள்ல அவருக்கு அந்தப் பேர் கிடைச்சது. போட்டாக்ஸ் ஊசியும் தசைகளை இளக்கற சிகிச்சையும் சேர்ந்து விரல்கள் விரிஞ்சது. 2004-ல வெளிவந்த ஆல்பத்தோட பேரு இரண்டு கைகள். 2020-ல காலமானார். அந்தக் கை கெட்டதுக்கும் அந்த ஆல்பத்துக்கும் நடுவுல 40 வருஷம்.

ஆஸ்திரேலியா, 1980-கள்

இப்போ கம்ப்யூட்டர் காலம். ஆஸ்திரேலிய ஆபீஸ்கள்ல கீபோர்டு வருது. கூடவே கைவலிப் புகார்களும் குவியுது. டெலிகாம் ஆஸ்திரேலியாங்கற ஒரே நிறுவனத்துல 1981-லேருந்து 1985-க்குள்ள 3,976 பேர். ஆர்எஸ்ஐன்னு பேர் வச்சாங்க, அதாவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யறதால வர்ற காயம்.

அந்த நிறுவனத்தோட மருத்துவர் ப்ரூஸ் ஹாக்கிங் கணக்கெடுத்துப் பார்த்தார். அந்த 5 வருஷத்துல டெலிபோன் ஆபரேட்டர்கள்ல 1,000 பேருக்கு 343 பேர் புகார் செஞ்சிருக்காங்க. அவங்களை விட ரொம்ப அதிகமா டைப் அடிச்ச தந்தி ஆபரேட்டர்கள்ல 1,000-க்கு 34 பேர்தான். சும்மா கீ தட்டறதுதான் காரணம்னா இது தலைகீழா இல்ல இருக்கணும்?

உடனே ரெண்டு அணி பிரிஞ்சாங்க. இது தசைக் காயம்னு ஒரு அணி. இல்ல, மனசுல இருக்கறது உடம்புல வெளிப்படுதுன்னு இன்னொரு அணி. நோயாளிகள்ல பெரும்பாலானவங்க பெண்கள். கங்காருக் கைன்னு கிண்டல் பேரும் வந்தது. 1987-ல விக்டோரியாவுல ஒரு அரசு ஊழியர் போட்ட வழக்குல தீர்ப்பு அரசாங்கத்துக்குச் சாதகமா வந்தது. புகார்கள் குறைஞ்சது, விவகாரம் அடங்கிப்போச்சு.

1911 கமிட்டி அறிக்கையை எடுத்து, தந்திச் சாவிங்கற இடத்துல கீபோர்டுன்னு மாத்தி எழுதின மாதிரி இல்ல? அதே ரெண்டு பெட்டி. கையில சேதம் காட்டு, இல்லன்னா நீதான் பிரச்சினை. அந்த 343-க்கும் 34-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் வேலையைப் பத்தி நிறைய கேட்க வைக்கற எண். டெலிபோன் ஆபரேட்டர் மேசை எப்படி, கண்காணிப்பு எப்படி, எழுந்து நடக்க அனுமதி உண்டா? ஆனா நிறைய பேர் அதை வச்சு ஆளைப் பத்திதான் கேட்டாங்க.

அப்போ நம்ம கீபோர்டு?

அமெரிக்காவுல 1987-ல பார்பரா சில்வர்ஸ்டீன் குழு 39 விதமான வேலைகள் பார்த்த 652 தொழிற்சாலை ஊழியர்களை ஆராய்ஞ்சது. அதிக விசையும் வேணும், திரும்பத் திரும்பவும் செய்யணும்ங்கற வேலைகள்ல, இது ரெண்டுமே குறைவா இருக்கற வேலைகளை விட, கார்ப்பல் டனல் வர்ற விகிதம் பல மடங்கு அதிகமா இருந்தது. ஆக, வேலைக்குத் தொடர்பே இல்லன்னு சொன்னது நிக்கல.

ஆனா 2001-ல மாயோ கிளினிக் தன்னோட சொந்த ஊழியர்கள்ல அதிகமா கம்ப்யூட்டர் பயன்படுத்தற 257 பேரைப் பார்த்தது. நரம்புச் சோதனையில கார்ப்பல் டனல் உறுதியானது 3.5 சதவீதம் பேருக்குத்தான். பொதுமக்கள்ல இருக்கற அளவேதான். ஆனா அதே ஆட்கள்ல சுமார் 30 சதவீதம் பேர் கையில மரத்துப்போதல், ஊசி குத்தற உணர்வு இருக்குன்னு சொன்னாங்க.

3.5-க்கும் 30-க்கும் நடுவுல இருக்கறவங்க யாரு? நம்மள்ல நிறைய பேர் அங்கதான் இருக்கோம். நானும் அங்கதான். போன வருஷம் வலது முன்கையில எரிச்சல் ஆரம்பிச்சு மாசக்கணக்கா போகல. ஒருத்தர் மாத்திரை குடுத்தார். இன்னொருத்தர் கழுத்து எக்ஸ்ரே பார்த்துட்டு லேசா எலும்பு தேய்மானம்னார். மூணாவது இடத்துல நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட். ரிப்போர்ட் வந்தது, எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைச்சுக்கோங்க தம்பின்னு அனுப்பிட்டாங்க. "எங்க மெஷின்ல நல்லாதான் ஓடுது"ன்னு டிக்கெட்டை மூடற மாதிரி. மூணு இடத்துலயும் ஃபார்ம்ல தொழில்ங்கற கட்டத்துல ஐடின்னு எழுதினேன். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேட்கல. நாலாவதா போன பிசியோதெரபிஸ்ட் அக்காதான் முதல்ல கேட்டாங்க: "மேசையில எப்படி உட்காருவீங்க? செஞ்சு காட்டுங்க தம்பி." மவுஸ் எங்க இருக்கும், முழங்கை எங்க ஊன்றியிருக்கும், எத்தனை மணிநேரம் எழுந்திருக்கவே மாட்டீங்க, டெட்லைன் வாரத்துல கூடுதா, லீவு நாள்ல குறையுதா. அந்தக் கேள்விகளுக்கு நான் சொன்ன பதிலை வச்சு வேலை ஆரம்பிச்சது. வலி முழுசா போயிடுச்சுன்னு சொல்லமாட்டேன், ஆனா இந்த எபிசோடை உட்கார்ந்து எடிட் பண்ண முடியுது.

நார்மல்னு ஒரு ரிப்போர்ட் வந்தா அதுக்கு அர்த்தம், அந்தச் சோதனை தேடின ஒரு விஷயம் கிடைக்கலன்னுதான். நரம்புச் சோதனை தசைநாணைப் பார்க்காது. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுல வர்ற வலிக்கு 1895-ல சுவிஸ் மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் எழுதின பிரச்சினை காரணமா இருக்கலாம். சுண்டுவிரல் மரத்துப்போனா முழங்கைகிட்ட போற வேற நரம்பா இருக்கலாம். எந்தச் சேதமும் இல்லாமலே வலியைக் கடத்தற அமைப்பு மட்டும் அதிகமா கூர்மையாகிறதும் உண்டு. அதுக்கு உலக வலி ஆய்வாளர் சங்கம் 2017-ல தனியா ஒரு வார்த்தையே ஏத்துக்கிட்டது: நோசிபிளாஸ்டிக். சேதம் இல்ல, அதனால பொய்ங்கற ரெண்டே பெட்டி வாதத்துக்கு வெளியில மூணாவதா ஒரு இடம் இருக்குன்னு அதிகாரப்பூர்வமா சொல்ல அவ்வளவு காலம் ஆச்சு.

அதனால டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் குறிச்சு வைங்க. எந்தெந்த விரல், சுண்டுவிரல் உண்டா இல்லையா. ராத்திரி எழுப்புதா, உதறினா சரியாகுதா. எந்த வேலை செய்யும்போது கூடுது, எந்த நாள்ல குறையுது. மேசையில உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டுலேருந்து ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அவங்க கேட்கலன்னாலும் நீங்களே சொல்லுங்க: நான் பார்க்கற வேலை இது, ஒரு நாளைக்கு இத்தனை மணிநேரம், இப்படித்தான் உட்காருவேன். கட்டைவிரல் மேட்டுல சதை வத்தினாலோ, கையிலேருந்து பொருள் நழுவி விழுந்தாலோ, மரமரப்பு போகாமலே இருந்தாலோ தள்ளிப்போடாதீங்க. கைவலியோட நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தா அது வேற கதை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

உங்க கைக்கு இதுவரைக்கும் எத்தனை பேர் கிடைச்சிருக்கு, எது கடைசியில பொருந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. டைப் பண்ண வலிச்சா வாய்ஸ் நோட்டே போதும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.